பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பாதபூஜை: மரியாதையை இப்படிச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

வேப்பம்பூ | ஞாயிறு, காலை 10:12

மகள் பத்தாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. நேற்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுத்தேர்வுக்கு முன்னால் "பெற்றோர் பாதபூஜை" நடக்கப்போகிறதாம். தாய் தந்தை இருவரும் கட்டாயம் வர வேண்டும். அம்மாக்கள் பட்டுப்புடவை, அப்பாக்கள் வேட்டி. கொண்டுவர வேண்டியவை: தாம்பாளம், சொம்பு, மஞ்சள், குங்குமம், உதிரிப்பூ, கால் துடைக்க ஒரு புதுத் துண்டு. போட்டோவுக்கும் சாப்பாட்டுக்குமாகச் சேர்த்து 350 ரூபாய். கடைசி வரி இது: "இன்றைய தலைமுறையிடம் குறைந்துவரும் பெரியோர் மரியாதையையும் நற்பண்புகளையும் வளர்க்கவே இந்நிகழ்ச்சி."

பூஜை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் எங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற பிள்ளைதான். அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. இதே பள்ளியில் பி.டி. சார் வாயிலிருந்து வருவதில் "எருமை" என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான சொல். டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு "வேல்யூ எஜுகேஷன்" என்று போட்டிருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து அதில் நடந்தது கணக்கு ரிவிஷன் மட்டும். வருஷம் முழுக்க இப்படி நடத்திவிட்டு ஒரு நாள் காலைக் கழுவச் சொன்னால் பண்பு வந்துவிடுமா?

உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இதெல்லாம் எப்படி? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.


சாக்பீஸ்தூள் | ஞாயிறு, காலை 11:40

அரசு மேல்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஆள் பேசுகிறான் என்று ஒதுக்காமல் படியுங்கள்.

முதலில், காலில் விழுவதைக் கிண்டல் செய்யாதீர்கள். குனிந்து பழகாத பிள்ளைக்குப் பணிவு புத்தியில் ஏறுவது கஷ்டம். 'மாதா பிதா குரு தெய்வம்' என்று நம் ஆட்கள் வரிசைப்படுத்தி வைத்தது சும்மா இல்லை.

நீதிபோதனை வகுப்பு என்று நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்தது. ஒரு கதை, அதன்மேல் பத்து நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான். தேர்வு கிடையாது, மார்க் கிடையாது. அதனால்தான் போர்ஷன் முடியாத ஆசிரியர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பீரியடு. கணக்கு ஒருநாள் எடுத்துக்கொண்டது, அறிவியல் இன்னொரு நாள். கொஞ்ச வருஷத்தில் பேர் மட்டும்தான் மிச்சம்.

2016-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 6 முதல் 12 வரை திருக்குறளை அறத்துப்பால், பொருட்பால் முழுக்கப் பாடத்தில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. ஒழுக்கம் கெட்டுப்போகிற தலைமுறைக்கு அறம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் நடந்தது என்ன? "எனத் தொடங்கும் குறளை அடிபிறழாமல் எழுதுக", 2 மதிப்பெண். இனியவை கூறல் அதிகாரத்தைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நான் கண்ணால் பார்த்த பிள்ளைகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. பிரம்பை எடுத்துக் கீழே போட்ட நாளிலிருந்து ஆசிரியருக்குப் பயந்துதான் வகுப்புக்குள் போக வேண்டியிருக்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போன தகப்பன்கள் இருந்த ஊர் இது.


லாஸ்ட்_பெஞ்ச்_2014 | ஞாயிறு, மதியம் 12:05

சார், அந்தத் தோலை உரித்த செட்டில் நானும் ஒருத்தன். எந்த ஆசிரியர் அதிகம் அடித்தாரோ அவர் பேரைத்தான் கழிவறைச் சுவரில் எழுதினோம். அடிக்காத ஒரு தமிழய்யா இருந்தார், இன்றைக்கும் பைக்கில் எதிரே பார்த்தால் இறங்கி நிற்கிறேன். மற்றபடி ஒன்றும் இல்லை, தொடருங்கள்.


கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மதியம் 2:31

வேப்பம்பூ, நீங்கள் திட்டுகிற அந்தக் கணக்கு ரிவிஷன் கோஷ்டியைச் சேர்ந்தவள்தான் நான். தூத்துக்குடிப் பக்கம் அரசுப் பள்ளி.

சாக்பீஸ்தூள் ஐயா, பிரம்பு போனது நேற்று இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதை நிறுத்தியாகிவிட்டது. அதன் பிறகு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதும் கூடாது என்கிறது. அதாவது "எருமை"யும் அதில் வரும்தான். இதை எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடியை விட்டதால் மரியாதை போனது என்பதை நான் நம்பவில்லை. அடிக்கு மாற்றாக எதையுமே எங்கள் கையில் கொடுக்கவில்லை என்பது மட்டும் உண்மை. 2022 ஏப்ரலில் மாதனூர்ப் பள்ளியில் மாணவன் ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, ஞாபகம் இருக்கும். அடுத்த மாதமே கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களை நீக்கும்போது டிசியிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று சொன்னார். உடனே எதிர்ப்பு வந்தது. வரத்தான் செய்யும், 15 வயதில் செய்ததை ஆயுசுக்கும் தாளில் எழுதிக் கொடுத்தால் அவன் எங்கே போவான்?

சொல்லப்போனால் டிசியில் "மாணவரின் ஒழுக்கமும் பண்பும்" என்று ஒரு கட்டம் எப்போதும் உண்டு. அதில் 'நன்று' என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சிசிஇ (தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு) வந்த புதிதில் "மனப்பான்மைகளும் மதிப்புகளும்" என்று ஒரு தலைப்புக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏ, பி என்று கிரேடு போட வேண்டும். ரெக்கார்டு பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் சாயங்காலம் வரிசையாக உட்கார்ந்து போடுவோம். நல்ல பிள்ளைக்கு ஏ, பேசுகிற பிள்ளைக்கு பி. நல்ல பிள்ளை என்றால் யார்? பேசாத பிள்ளை.


தனித்தேர் | ஞாயிறு, மாலை 4:18

பாதபூஜை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அக்கா மகன் போன வருஷம் பத்தாவது. மாமா கொரோனாவில் போய்விட்டார். பள்ளியில் இதே மாதிரி விழா. "அப்பா இல்லையென்றால் சித்தப்பாவையோ மாமாவையோ கூட்டிவாருங்கள், ஜோடியாக உட்கார வேண்டும்" என்றார்கள். நான் போனேன். நாற்காலி வரிசையில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில். மைக்கில் "தாய்மார்களுக்கு மஞ்சள் குங்குமம் வையுங்கள்" என்றார்கள். தட்டு ஏந்தி வந்த டீச்சர் அக்கா முன்னால் ஒரு நிமிஷம் தயங்கி, அடுத்த அம்மாவிடம் போய்விட்டார். வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. பழக்கம்.

பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தண்ணீர் ஊற்றினான், துடைத்தான், போட்டோவுக்கு நின்றான். அப்புறம் வீட்டுக்கு வந்து குங்குமத்தை அவனே எடுத்து அம்மாவுக்கு வைத்தான். அவனுக்குப் பண்பு இருக்கிறது. அதை அந்த விழா கொடுக்கவில்லை.


நிலா_உம்மா | ஞாயிறு, மாலை 5:02

எங்கள் மகன் பள்ளியிலும் நடந்தது. காலில் விழுவது எங்களிடம் வழக்கமில்லை என்று வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொன்னேன். "சலாம் சொல்லட்டும், போதும்" என்றார். அப்படியே செய்தான். ஒரு டீச்சர் புரிந்துகொண்டார், சரி. புரிந்துகொள்ளாதவர் இருந்திருந்தால் என் பிள்ளை மரியாதை தெரியாதவன் என்றாகியிருக்கும். சுற்றறிக்கையில் "கட்டாயம்" என்று போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.


நல்லதே_நடக்கும் | ஞாயிறு, மாலை 6:20

ஜப்பானைப் பாருங்கள் நண்பர்களே! அங்கே பள்ளிகளில் துப்புரவுப் பணியாளர்களே கிடையாது, பிள்ளைகளே கழிவறை முதல் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறார்கள். நான்காம் வகுப்பு வரை பரீட்சையே இல்லை, ஒழுக்கம் மட்டும்தான் பாடம். அதனால்தான் அந்த நாடு உயர்ந்தது. நம் நாட்டில் எப்போது?


யோகோஹாமா_தமிழன் | ஞாயிறு, இரவு 7:45

இந்த ஃபார்வேர்டு எனக்கும் மாதம் ஒரு தடவை வருகிறது. என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பள்ளியில் படிக்கிறார்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பணியாளர்களே இல்லை என்பது சரியல்ல, பள்ளிகளில் பராமரிப்புக்கு ஆள் உண்டு. ஆனால் தினமும் சுத்தம் செய்கிற நேரம் என்று ஒன்று இருப்பது உண்மை. 'சோஜி' என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும், எல்லா இடமும், முறைவைத்து. தரை துடைக்கிற துணி பழைய துண்டை மடித்துத் தைத்தது, பல வீடுகளில் தைத்தே அனுப்புவார்கள். ஆசிரியரும் கூடவே துணியைப் பிடித்துக் குனிந்து துடைக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். அந்த வாரம் யார் முறையோ அவர்கள். இதில் பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்று ஒன்றும் இல்லை.

நாலாம் வகுப்பு வரை பரீட்சையே இல்லை என்பது கதை. வகுப்புத் தேர்வுகள் நன்றாகவே நடக்கின்றன. ஒழுக்கக் கல்வி ('தோதோகு') வெகுநாளாக டைம்டேபிளில் இருந்தது, ஆனால் பாடநூலோடு முறையான பாடமாக ஆனது தொடக்கப்பள்ளியில் 2018-ல், நடுநிலையில் 2019-ல். எண்ணில் மார்க் கிடையாது, ஆசிரியர் நாலு வரி எழுதிக் கொடுப்பார். அதைப் பாடமாக்கினதற்கு ஒரு காரணம், வகுப்புக்குள் ஒரு பிள்ளையைக் குறிவைத்துத் துன்புறுத்துவது. 'இஜிமே' என்பார்கள். 2011-ல் ஓத்சு என்ற ஊரில் ஒரு மாணவன் அதனால் தற்கொலை செய்துகொண்டான். அதன் பிறகுதான் 2013-ல் அதற்கென்று சட்டம் வந்தது. இவ்வளவு சுத்தமான பள்ளிகளிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.


தாமிரபரணி_கரை | ஞாயிறு, இரவு 9:10

ஜப்பான் பதிவில் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன்: "எல்லாப் பிள்ளைகளும்". ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு ஊராட்சித் தொடக்கப்பள்ளியில் 2022 கடைசியில் என்ன நடந்தது? பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கழிவறை கழுவ விட்டார்கள் என்று புகார் வந்து, தலைமையாசிரியை கைதானார். வேலை ஒன்றுதான். அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்வது 'இது நம் எல்லோருடைய இடம்' என்று. இங்கே கற்றுக்கொண்டிருப்பது வேறு.

நான் நெல்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது எங்களுக்குச் செய்தி இல்லை, பக்கத்து வீடு. 12-ஆம் வகுப்புப் பையனைக் கூடப் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டின பையன்களுக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கு மரியாதை என்றால் என்னவென்று நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கவே கூடாது, கொடுக்காதவனை என்ன செய்ய வேண்டும் என்று. சொந்த ஊர்ப் பெரியவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிற பையன்கள்தான் அவர்கள்.

தினமும் காலை அசெம்பிளியில் உறுதிமொழி சொல்கிறார்கள். பெற்றோர், ஆசிரியர், மூத்தோரை மதிப்பேன் என்று ஒரு பாதி. எல்லோரிடமும் அன்பும் மரியாதையும் காட்டுவேன் என்று மறுபாதி. பாடநூலைத் திறந்தால் முன்பக்கத்தில் "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று அச்சடித்திருக்கிறது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன்தான். எந்த ஆசிரியரும் ஒரு நாள்கூட அந்தப் பக்கத்தை எடுத்துப் பாடம் நடத்தியதில்லை. முதல் பாதிக்கு மட்டும் விழா எடுக்கிறோம்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது, 610 பக்கம். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள், மாணவர் நலனுக்கென்று தனி அலுவலர் போடுங்கள் என்று எல்லாம் இருக்கிறது. கயிறைப் பற்றி மட்டும் டிவியில் பத்து நாள் சண்டை போட்டார்கள். அகரவரிசையில் உட்காருவதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. என்னைக் கேட்டால் மொத்த அறிக்கையிலும் நாளைக்கே செய்யக்கூடியது அதுதான், பைசா செலவில்லை. எங்கள் காலத்தில் எந்தத் தெருப் பையன் எந்த பெஞ்ச் என்று சொல்லாமலே தெரியும்.


மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 10:30

சாதிப் பெயரைச் சுட்டி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரே ஆள் மறுபடி எழுதினால் கணக்கு முடக்கப்படும். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.


வடமராட்சி_வாசி | திங்கள், காலை 7:15

எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் ஆசிரியரின் காலைத் தொட்டுக் கும்பிடுவது புதினம் இல்லை. ஆசிரியர் தினம், பரீட்சைக்குப் போகும் நாள் எல்லாவற்றுக்கும் உண்டு. பெற்றோரும் பிழையாக எடுப்பதில்லை. சமயபாடம் சாதாரண தரம் (11-ஆம் வகுப்பு) வரைக்கும் கட்டாயம். ஞாயிறு காலையில் கோவில்களில் அறநெறிப் பாடசாலை வேறு நடக்கிறது. அப்ப எங்கட பிள்ளைகள் எல்லோரும் தங்கமாக இருக்க வேணுமே!

நடப்பது என்னவென்றால், அறநெறிக்குப் போகிற அதே ஞாயிறு காலையில் ரியூசன் வகுப்பும் வைக்கிறார்கள். பெற்றோர் எதைத் தெரிவு செய்வினம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமயபாடத்தையும் 'ஏ' எடுக்கச் சுகமான பாடம் என்றுதான் பார்க்கிறார்கள். அடி விசயமும் அப்படித்தான். 2005-ல் வந்த 17-ஆம் இலக்கச் சுற்றுநிருபம் உடல் தண்டனை கூடாது என்கிறது. ஆனால் பிரம்பு இல்லாத பாடசாலையை நான் இன்னும் காணவில்லை.

ஒரு அதிபர் (உங்கட பக்கத்தில் தலைமையாசிரியர்) மட்டும் நினைவில் இருக்கிறார். காலையில் வாசலில் நின்று உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரே முதலில் வணக்கம் சொல்லுவார். முதலாம் தவணை முழுக்க நாங்கள் வெட்கத்தில் குனிந்துகொண்டு ஓடினோம். பிறகு பழகிவிட்டது. இப்ப வெளிநாட்டில் இருக்கிற பெடியள்கூட ஊருக்கு வந்தால் அவரைப் பார்க்காமல் போவதில்லை.


லாஸ்ட்_பெஞ்ச்_2014 | திங்கள், காலை 9:50

யாருமே அந்த 'மோட்டிவேஷன்' ஆட்களைப் பற்றி எழுதவில்லையே. எங்கள் ஸ்கூலுக்கு ஒருத்தர் வந்தார். லைட்டை அணைக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், சோகமான பின்னணி இசை போட்டார். "உன் அப்பா செருப்பு தேயத் தேய நடந்தார், நீ என்ன செய்தாய்?" என்று அரைமணி நேரம். மொத்த ஹாலும் ஓவென்று அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் அழுத அழுகையில் நானும் அழுதேன். சாயங்காலமே அதே அப்பாவிடம் பைக் கேட்டுச் சண்டை போட்டான்.

2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் அப்படி ஒருத்தர் வந்து, முன்ஜென்மப் பாவத்தால்தான் சிலர் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்கிற மாதிரிப் பேசினார். அங்கேயே இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் எழுந்து கேள்வி கேட்டார். அதற்கு அந்த ஆள் அவரிடம் பேசின தோரணை இருக்கிறதே, வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் கைதானார், அது வேறு. நான் சொல்ல வருவது, ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ஆசிரியர் பயப்படாமல் எழுந்து நின்றாரே, அன்றைக்கு அந்தப் பள்ளியில் நடந்த நீதிபோதனை வகுப்பு அதுதான்.


சாக்பீஸ்தூள் | திங்கள், காலை 11:25

எல்லாவற்றையும் படித்தேன். தனித்தேர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. ஜோடியாக உட்கார வைப்பது தவறு, தட்டு தாண்டிப் போனது அதைவிடத் தவறு.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சடங்கு வேண்டாம், அடி வேண்டாம், குறள் மனப்பாடம் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். சரி. பின்னே எது வேண்டும்? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை 9.30-க்கு வகுப்பில் நிற்கிற ஒரு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள். குறை சொல்வது எல்லோருக்கும் வரும்.


கணக்கு_டீச்சர் | திங்கள், இரவு 8:40

ஐயா கேட்டது நியாயம். கொள்கை எல்லாம் எனக்குத் தெரியாது, செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவைப் பிள்ளைகள் "ஏ, சத்துணவு" என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், "அந்த அக்கா பேர் என்ன?" என்று கேட்டேன். ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தெரிந்திருந்தது, அதுவும் பக்கத்து வீடு என்பதால். கோபம் வந்தது, ஆனால் லெக்சர் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் கணக்கு வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். 6 முதல் 8 வரை தலைக்கு 150 கிராம் அரிசி. இன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் 112 பேர். எத்தனை கிலோ? 16.8 கிலோ. "சரி, அது வெந்து சோறானால் எவ்வளவு கனக்கும், அதை அடுப்பிலிருந்து யார் இறக்குகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா" என்று இரண்டு இரண்டு பேராக அனுப்பினேன். அடுப்புக்குக் கிட்டே போகக்கூடாது, வாசலில் நின்று பார்த்தால் போதும் என்று சொல்லித்தான். முதலில் போன பையன் வகுப்பில் பெரிய சண்டியர். திரும்பி வந்து, "டீச்சர், அவங்க கையில ஃபுல்லா சூட்டுத் தழும்பு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்புறம் சமையலறைக்கு வெளியே இருக்கிற மெனு போர்டில், சாம்பார் சாதம், முட்டை என்று எழுதுகிற இடத்துக்குக் கீழே சமைத்தவர் பேரையும் எழுத ஆரம்பித்தோம். எழுதுவது பிள்ளைகள், வாரம் ஒருத்தர். 'ஏ' போய்ப் பேரோடு அக்கா வந்தது. இரண்டு மூன்று பேர் இன்னும் பழையபடிதான் கூப்பிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளே திருத்துகிறார்கள், நான் தலையிடுவதில்லை.

இன்னொன்று வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. ஆமாம், கணக்கு ரிவிஷனை நிறுத்திவிட்டேன். ஒரு டப்பாவில் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். நான் முதலில் தனியாகப் படித்துவிடுவேன், சில சீட்டுகளை வகுப்பில் படிக்கவே கூடாது. வீட்டில் அடி, யாரோ தொடுகிறார்கள் என்பது மாதிரி வந்தால் தலைமையாசிரியரிடம் போய், அங்கிருந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போக வேண்டிய விஷயம் அது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருப்பதும் அதற்குத்தான். மீதியைப் பேர் சொல்லாமல் படிப்பேன். "என்னை அப்பா தொழிலைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்று ஒரு சீட்டு. யார் எழுதினது என்று யாரும் கேட்கக் கூடாது, யார் கூப்பிட்டது என்றும் நான் கேட்க மாட்டேன். "இப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்பேன். முதலில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பெண், "எங்க அப்பாவும் அதே வேலைதான்" என்று எழுந்து நின்றாள்.

பத்தாம் வகுப்பில் இதைச் செய்ய எனக்கும் தைரியம் இல்லை, ஐயா. நூறு சதவீதம் தேர்ச்சி என்று மேலிருந்து அழுத்துகிறார்கள். ஆறு, ஏழு, எட்டில்தான் முடிகிறது.


தாமிரபரணி_கரை | திங்கள், இரவு 9:05

அந்தப் பெண் எழுந்து நின்றதைப் படித்ததும் இன்னொரு தடவை மேலே போய் முதலிலிருந்து படித்தேன். டீச்சர், உங்கள் வகுப்பில் எப்படி உட்கார வைக்கிறீர்கள்?


கணக்கு_டீச்சர் | திங்கள், இரவு 9:20

அகரவரிசைதான், மாதம் ஒரு தடவை பெஞ்ச் மாறும். முதல் வாரம் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், "என் பிள்ளைக்குக் கண் சரியில்லை, இடம் மாற்றுங்கள்" என்று. கண் டாக்டர் சீட்டு கொண்டுவரச் சொன்னேன். வரவில்லை.


நல்லதே_நடக்கும் | திங்கள், இரவு 9:31

அருமையான பகிர்வு! மற்ற குழுக்களிலும் பகிரலாமா?


வேப்பம்பூ | புதன், மாலை 6:15

நாங்கள் நாலு அம்மாக்கள் சேர்ந்து இன்று பிரின்சிபாலைப் பார்த்தோம். தனித்தேர் சொன்னதைப் பேர் சொல்லாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டார்கள், 'தாய் தந்தை' என்பது 'பெற்றோர் அல்லது பாதுகாவலர், ஒருவர் வந்தாலும் போதும்' என்று ஆகிவிட்டது. குங்குமத் தட்டு எடுத்துக்கொண்டு யாரும் சுற்றப்போவதில்லை, அவரவர் பிள்ளை வைக்கும். 350 ரூபாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது!

வகுப்பில் பிள்ளைகளைப் பேசுகிற விதத்தைப் பற்றியும் சொன்னோம். அதற்கு முகம் மாறியது, "ஆசிரியர்கள் டென்ஷனில் ஒரு வார்த்தை விடுவார்கள்" என்றார். 17-ஆம் பிரிவைச் சொன்னேன். எழுத்தில் கொடுங்கள் என்றார், கொடுக்கப்போகிறோம்.


சாக்பீஸ்தூள் | வியாழன், காலை 10:05

நல்லது அம்மா. எழுத்தில் கொடுக்கும்போது நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் சொல்லலாம்.

கணக்கு டீச்சருக்கு: பிரம்பு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நான் பழைய மாணவர்களோடு சேர்ந்து உதவுகிற நடுநிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது. அந்தச் சீட்டு டப்பாவை அங்கே வைக்கலாம் என்று பார்க்கிறேன். எப்படித் தொடங்க வேண்டும்?


கணக்கு_டீச்சர் | வியாழன், இரவு 8:50

ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள் ஐயா, பெரிய பிள்ளைகள் முதலில் விளையாட்டாக்கிவிடுவார்கள். டப்பாவுக்குப் பூட்டு வேண்டும், சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். முதல் மாதம் முழுக்கப் பென்சில் திருட்டுப் புகார்தான் வரும், சலிக்காமல் அதையும் படியுங்கள். ஆசிரியர்களைப் பற்றியும் சீட்டு வரும். அதைக் கிழித்துப் போடாத ஆளாகப் பார்த்துச் சாவியைக் கொடுங்கள்.